தலைகீழாய் நிற்கும் பிள்ளைக்கு ஒரு மெத்தை

ஜிம்நாஸ்டிக் ஆசை உள்ள சிறுபிள்ளைக்கு லிங்கநகரிலிருந்து என்ன செய்துகொடுக்கலாம்?

"நிக்காதையடி பிள்ளை, கழுத்து முறியப்போகுது!"

அம்மம்மா வாசலில் நின்று கத்துகிறார். ஏழு வயதுக்காரி காதில் வாங்குவதாக இல்லை. உள்ளங்கைகள் சிமெந்து முற்றத்தில் பதிந்திருக்கின்றன, குதிக்கால்கள் மதிலில் ஒட்டியிருக்கின்றன, சட்டை கவிழ்ந்து முகத்தை மறைத்திருக்கிறது. உள்ளிருந்து எண்ணும் குரல் மட்டும் கேட்கிறது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கால்களை இறக்குகிறாள். மதிலை விட்டு இரண்டு எட்டுத் தள்ளி வந்து மறுபடி கைகளை ஊன்றி எழும்புகிறாள். இந்த முறை பின்பக்கமாக மெல்ல வளைந்து, பாதங்கள் தரையைத் தொட, அப்படியே நிமிர்ந்து நிற்கிறாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. அம்மம்மாவுக்குக் கோபம், தாய்க்குப் பயம். தகப்பன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

திருகோணமலை லிங்கநகரில் இப்படியொரு பிள்ளையைத் தேடி அலையத் தேவையில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின் காணொளிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்து சேர்ந்த பிறகு மதில்களுக்கு ஓய்வே இல்லை. 27 வயதில் சிமோன் பைல்ஸ் மீண்டும் தனிநபர் தங்கம் வென்றதை இந்தப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக அறிவார்கள். கிரிக்கெட்டுக்கு ஆசைப்பட்டால் மைதானம் இருக்கிறது. ஓட்டத்துக்குப் பாடசாலை இருக்கிறது, நீச்சலுக்குக் கடலாவது இருக்கிறது. கரணம் அடிக்கும் பிள்ளையை எங்கே கொண்டுபோவது? பெற்றோர் கேட்பது அதைத்தான்.

கொடி பிடித்தவர்

2021 ஜூலை 23. பார்வையாளர் இல்லாத டோக்கியோ அரங்கில் இலங்கை அணி நுழைந்தபோது கொடியைப் பிடித்திருந்த இருவரில் ஒருவர் ஜூடோ வீரர் சாமர நுவன் தர்மவர்தன. மற்றவர் 18 வயது மில்கா கெஹானி டி சில்வா. ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதல் இலங்கை ஜிம்நாஸ்டிக் வீராங்கனை அவர். 2018இல் புவனோஸ் அயர்சில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றியிருந்தார்.

டோக்கியோவுக்கு அவர் போன வழியைப் பெற்றோர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொரோனாவால் ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டி நடக்கவில்லை. அதற்கென ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் 2019 உலகச் சாம்பியன்ஷிப்பின் முடிவுகளை வைத்துப் பகிரப்பட்டன. இலங்கைக்கு மில்கா, இந்தியாவுக்கு மேற்கு வங்காளத்து பஸ் சாரதி ஒருவரின் மகள் பிரணதி நாயக். இருவருமே முன்கூட்டிப் பெரிய மேடைகளில் ஏறியிருந்தபடியால்தான் கதவு திறந்தபோது வாசலில் நின்றார்கள். அந்த நிலைக்கு வர மில்கா ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். நாட்டிலேயே முதலாமவருக்குக்கூட நாட்டுக்குள் கிடைத்தது போதவில்லை. கொழும்பிலேயே நிலைமை இது என்றால் திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. இரவு ரயிலில் ஏறினால் விடியத்தான் கோட்டை நிலையம். வாரத்தில் மூன்று நாள் பழக வேண்டிய ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பாதையே இல்லை.

ஆகவே சிலர், "கொழும்பில் சித்தி வீடு இருக்குத்தானே, அங்கே விட்டுவிடலாமே" என்று யோசிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏழு எட்டு வயதில் தாய் தகப்பனை விட்டு ஒரு பிள்ளையைப் பதக்கத்துக்காக வேறு ஊரில் விடக்கூடாது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றை இந்தியாவின் அகர்தலாவில் பார்க்கலாம். மற்றது பாரதூரமானது, பின்னால் வருகிறது.

அகர்தலாவுக்கு வந்த ஆசிரியர்

2016 ஓகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக். வோல்ட் இறுதிப் போட்டி. இந்திய வீராங்கனை தீபா கர்மாகர் ஓடி வந்து, கைகளால் மேசையைத் தள்ளி, வானத்தில் முன்பக்கமாக இரண்டு கரணம் போட்டு இறங்கினார். புரொடுனோவா எனப்படும் அந்தப் பாய்ச்சலை உலகில் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்களே போட்டியில் செய்திருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது 15.066 புள்ளி. வெண்கலத்துக்கு 0.150 குறைவு. நான்காமிடம்.

தீபா டெல்லிப் பிள்ளையும் அல்ல, மும்பைப் பிள்ளையும் அல்ல. பங்களாதேஷ் எல்லையோரம் இருக்கும் திரிபுராவின் அகர்தலாவில் 1993இல் பிறந்தவர். ஆறு வயதில் தொடங்கியபோது அவருக்குத் தட்டைப் பாதம். இந்த விளையாட்டுக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கிவிடும் பாதம் அது. பயிற்றுவிப்பாளர் பிஸ்வேஸ்வர் நந்தி ஒதுக்கவில்லை. பாதத்துக்கு வளைவு வரும்வரை பொறுமையாகப் பயிற்சி கொடுத்தார். நல்ல உபகரணம் இல்லை. பழைய ஸ்கூட்டர் உதிரிப்பாகங்களைச் சேர்த்து வோல்ட் பயிற்சிக்கு மேடை செய்தார்கள். மழைக்காலத்தில் கூடத்துக்குள் தண்ணீர் ஏறும். ஆனாலும் தீபா அகர்தலாவில் இருந்தபடியேதான் வளர்ந்தார், ஏனென்றால் ஆசிரியர் அங்கேதான் இருந்தார்.

அங்கே ஆசிரியர்கள் உருவான கதையும் இருக்கிறது. 1960களில் ஹரியாணாவைச் சேர்ந்த தலீப் சிங் என்ற பயிற்றுவிப்பாளர் அகர்தலாவுக்கு அனுப்பப்பட்டார். ஜிம்நாஸ்டிக் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கத் தொடங்கினார். அவரிடம் பழகிய மண்டு தேவ்நாத் 1975இல் அர்ஜுனா விருது பெற்றார். பழகியவர்கள் பயிற்றுவிப்பாளர்களானார்கள், அவர்கள் அடுத்த தலைமுறையைப் பழக்கினார்கள். தலீப் சிங் வந்து அரை நூற்றாண்டு கழித்து அந்தச் சின்னப் பட்டினத்துப் பெண் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு வந்தார்.

எங்களுக்குள்ளும் இதற்குச் சாட்சி இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் கோலூன்றிப் பாய்தலைப் பயிற்றுவிப்பாளர் சுபாஸ்கரன் வளர்த்தெடுத்தார். போரிலிருந்து எழுந்த வலிகாமத்தில் கோலும் இல்லை, விழ மெத்தையும் இல்லை என்றிருந்த விளையாட்டு அது. அங்கிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைத் தன் பெயரில் எழுதினார். அவருக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலிருந்து வரிசையாகப் பிள்ளைகள் வந்தார்கள். திறமை திடீரென அந்த மண்ணில் மட்டும் முளைத்ததா? ஒரு ஆசிரியர் ஒரே இடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

லிங்கநகர்ப் பிள்ளையிடம் என்ன குறை என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில், பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்பதுதான்.

-----
பெட்டிச் செய்தி: அளவும் வயதும்

பெண்களுக்கு நான்கு பிரிவுகள்: வோல்ட், உயரம் வேறுபட்ட இரட்டைக் கம்பி, பீம், தரைப்பயிற்சி. ஆண்களுக்கு ஆறு: தரைப்பயிற்சி, பொமல் ஹோர்ஸ், வளையம், வோல்ட், சமாந்தரக் கம்பி, உயர் கம்பி.

பீமின் நீளம் 5 மீற்றர், அகலம் 10 சென்ரிமீற்றர், உயரம் 125 சென்ரிமீற்றர். அதிலிருந்து விழுந்தால் ஒரு முழுப் புள்ளி குறையும். தரைப்பயிற்சித் தளம் 12 மீற்றருக்கு 12 மீற்றர். பெண்கள் அதில் இசையோடு 90 விநாடிக்கு மேற்படாமல் ஆட வேண்டும்.

1976 மொன்ட்ரியலில் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முழுப் பத்துப் புள்ளி பெற்ற முதல் பெண்ணானபோது வயது 14. பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 1981இல் 15ஆகவும் 1997இல் 16ஆகவும் உயர்ந்தது. பத்துப் புள்ளி முறை 2006இல் முடிவுக்கு வந்தது.

உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிற்றினா 1992 முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். ரியோவில் அவருக்கு வயது 41.
-----

புலமைப்பரிசில் ஆண்டு

ஆறு வயதில் தொடங்கும் பெண் பிள்ளை சர்வதேச மூத்தோர் போட்டிக்குத் தகுதி பெறுவது பதினாறில். இடையில் பத்து ஆண்டு. அதன் முதற்பாதியில்தான் உடம்பு அடிப்படைகளை ஏற்றுக்கொள்கிறது: கையில் நிற்பது, சரியாக விழுவது, காற்றில் தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிவது. எங்கள் வீடுகளில் அதே ஆண்டுகளில்தான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் வந்து குந்திக்கொள்கிறது. மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்கிவிடும். நாலாம் வகுப்பில் சனி ஞாயிறும் போய்விடும். பரீட்சை முடிந்த பிறகு விளையாடலாம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பார்கள். பத்தரை வயதில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது இடுப்பும் தோளும் இறுகியிருக்கும். அதைவிட, ஏழு வயதில் இல்லாத பயம் இப்போது வந்திருக்கும்.

பரீட்சையை விட்டுவிடு என்று எந்தத் தாயிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பு என்ன செய்து தந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். புலமைப்பரிசில் ஆண்டில்கூட அதை வெட்டாதீர்கள். ஒரு மாலை ஓடி விழுந்து எழும்பிய பிள்ளை இரவு நித்திரை கொள்ளும் விதமே வேறு.

பரதம் பழகும் பிள்ளை என்றால் ஏற்கெனவே பாதி வழி வந்தாயிற்று. அரைமண்டியில் நிற்கும் தொடைப் பலமும் தாளத்துக்குள் உடம்பை நிறுத்தும் பழக்கமும் தரைப்பயிற்சிக்கு நேரே உதவுகின்றன. நட்டுவாங்கத்தில் வளர்ந்த காது இசைக்கு ஆடத் தடுமாறாது. நடன ஆசிரியையும் உடற்கல்வி ஆசிரியரும் ஒன்றாக இருந்து பேசினால் நகரின் பெண்கள் பாடசாலைகளில் நாளைக்கே ஒரு சிறு குழுவைத் தொடங்கலாம். அந்தப் பேச்சு ஏன் நடப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

உடம்பு கொடுக்கும் விலை

இந்த விளையாட்டு உடம்பிடம் நிறையக் கேட்கும். அதை மறைத்து ஆசைகாட்டுவது துரோகம்.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. கையிலேயே பாரத்தைத் தாங்கும் விளையாட்டில் மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டுக்குத் திரும்பத் திரும்ப அடி விழுகிறது. முதுகைப் பின்னால் வளைத்து வளைத்துப் பழகும்போது கீழ் முள்ளந்தண்டில் மயிரிழை வெடிப்பு வரலாம். இறங்கும் அதிர்ச்சியால் குதிக்காலில் நோ வரும். பயிற்சிக்கு மறுநாள் தசை பிடிப்பது சாதாரணம். குறித்த ஓர் இடத்தில் விரலை வைத்து "இங்கதான் நோகுது" என்று பிள்ளை சொன்னால், அதுவும் இரண்டு கிழமை தொடர்ந்து சொன்னால், எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முதுகு நோ என்றால் இரண்டு கிழமைகூடப் பொறுக்கக்கூடாது.

விளையாட்டு வைத்தியர்கள் பெற்றோருக்கு இலகுவான ஒரு கணக்குச் சொல்கிறார்கள். வாரப் பயிற்சி மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. எட்டு வயதென்றால் எட்டு மணித்தியாலத்துக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். வருடம் முழுவதும் ஒரே விளையாட்டாகவும் இருக்கக்கூடாது. மாலையில் கடலில் நீந்துவதும் மைதானத்தில் ஓடுவதும் பயிற்சியைக் கெடுக்காது, காக்கும்.

சாப்பாடு அடுத்த விடயம். மெலிந்திருந்தால்தான் பறக்கலாம் என்ற எண்ணம் எத்தனையோ பெண் பிள்ளைகளின் எலும்பைத் தின்றிருக்கிறது. பயிற்சிக்குத் தேவையான சக்தி சாப்பாட்டிலிருந்து வராதபோது எலும்பு பலமிழக்கிறது, பூப்படைவது பிந்துகிறது, வந்த மாதவிடாயும் நின்றுபோகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. எங்கள் வீட்டில் மீனும் பருப்பும் முட்டையும் முருங்கையிலையும் இருக்கும்வரை மருந்துக்கடை மாவு எதுவும் தேவைப்படாது. சோற்றைக் குறை என்று பிள்ளைக்குச் சொல்லும் பயிற்றுவிப்பாளரிடமிருந்து அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணொளியைப் பார்த்து, வீட்டு மெத்தையைப் போட்டு, பின்பல்டி பழக்க வேண்டாம். கடற்கரை மணலில் சில்லுக்கரணம் அடிக்கட்டும். மதிலில் கையூன்றி நிற்கட்டும், மரக்கொப்பில் தொங்கட்டும். கால்கள் தலைக்கு மேலாகக் காற்றில் சுழல்கிற எதுவும் பழகிய ஒருவரின் கை பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும்.

மூடிய கதவு

ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்றதற்கான இரண்டாவது காரணம் இது. அமெரிக்க தேசிய ஜிம்நாஸ்டிக் அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர் பல ஆண்டுகளாகச் சிறுமிகளைப் பாலியல் வதைக்கு உட்படுத்தினார். 2016இல் ஒரு பத்திரிகை அதை வெளிக்கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் அவருக்கு 175 ஆண்டு வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது 150க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் தங்கள் கதையைச் சொன்னார்கள். சில சிறுமிகளுக்கு அது நடந்தபோது தாய் அதே அறையில் இருந்திருக்கிறார். வைத்தியம் என்று சொன்னதை நம்பியிருக்கிறார்.

பிரித்தானிய ஜிம்நாஸ்டிக்கில் நடந்த துன்புறுத்தல்களை ஆராய்ந்து 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினார்கள். அவர்களில் நாற்பது வீதத்துக்கும் அதிகமானோர் உடல்ரீதியான வன்முறையைச் சொன்னார்கள். பிள்ளையின் மேல் ஏறி அமர்ந்து கால்களை விரிப்பது, நோவோடு ஆட வைப்பது, எல்லோர் முன்னாலும் நிறுத்து எடைக்காக அவமானப்படுத்துவது. செல்வமும் சட்டமும் உள்ள நாடுகளில் நடந்தவை இவை. ஆசிரியர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று பிள்ளையை வளர்க்கும் எங்கள் ஊரில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

"சேர் தொட்டுத்தானே பழக்க வேணும்?" என்று ஒரு தாய் கேட்பார். ஆம், விழாமல் தாங்கத் தொட வேண்டும். முதுகிலும் தொடையிலும் கை படும். அது எல்லோர் கண்முன்னாலும் நடக்க வேண்டும். ஏன் அந்த இடத்தில் கை வைக்கிறேன் என்று பிள்ளைக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் கை விலக வேண்டும்.

-----
பெட்டிச் செய்தி: சேர்க்குமுன் கேளுங்கள்

பயிற்சியை எந்த நாளும் வந்திருந்து பார்க்கலாமா? இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பயிற்றுவிப்பாளர் எங்கே, யாரிடம் பழகினார்? ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்? பெண் பயிற்றுவிப்பாளரோ பொறுப்பான பெண்ணொருவரோ எப்போதும் இருப்பாரா? காயப்பட்ட பிள்ளை எத்தனை நாள் ஓய்வெடுக்கும், அதை யார் முடிவு செய்வார்? பிள்ளையின் கைபேசிக்குப் பயிற்றுவிப்பாளர் தனியே செய்தி அனுப்புவாரா?

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1929. பிள்ளையும் இந்த இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.
-----

வாங்கில் இருப்பவரின் வேலை

தாய் தகப்பனுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது, சாப்பாடு கட்டுவது, காயத்தைக் கவனிப்பது, செலவை முன்கூட்டியே மாதக் கணக்கில் பேசித் தீர்ப்பது. பயிற்றுவிப்பது மட்டும் அவர்களுடைய வேலை அல்ல. வாங்கில் இருந்து "காலை நீட்டு, காலை நீட்டு" என்று கத்தும் தகப்பனின் பிள்ளை பீமில் நிற்கும்போது பீமைப் பார்க்காது, தகப்பனின் முகத்தைப் பார்க்கும்.

டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் போட்டியின் நடுவில் விலகினார். காற்றில் சுழலும்போது மேல் எது கீழ் எது என்ற உணர்வு தனக்குத் தப்பிவிட்டது என்றார். உலகின் தலைசிறந்தவர் அப்படிச் சொல்லி இறங்கி, மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்து தங்கம் வென்றார். எட்டு வயதுப் பிள்ளை "இன்றைக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளும் தைரியம் வீட்டில் இருக்க வேண்டும்.

பல பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்றில் விட்டுவிடுவார்கள். உயரம் கூடும், நிறை கூடும், நேற்றுச் செய்த கரணம் இன்றைக்கு வராது. அதைத் தோல்வியாக எண்ணி வீட்டில் இழவு கொண்டாட வேண்டாம். ரஷ்யாவின் யெலினா இசின்பயேவா ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை ஜிம்நாஸ்டிக் பழகி, உயரம் கூடிவிட்டதால் விட்டவர். கோலூன்றிப் பாய்தலுக்குப் போய் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார். யாழ்ப்பாணத்தில் கோலூன்றிப் பாய்தல் தழைத்திருக்கும்போது திருகோணமலையில் சிறு வயது ஜிம்நாஸ்டிக் தழைத்தால் இரண்டு ஊருக்கும் எவ்வளவு நல்லது!

யாரிடம் கேட்பது

ஒலிம்பிக் அளவுக் கூடத்தை நாளைக்கே கட்டித்தாருங்கள் என்று கேட்கப்போவதில்லை. முதல் நான்கு ஆண்டுகளுக்கு வேண்டியவை மெத்தைகள், தரையிலேயே கிடக்கும் ஒரு பயிற்சி பீம், ஒரு தாழ்ந்த கம்பி, மழைக்கு ஒதுங்கும் ஒரு மண்டபம். இவற்றை ஒரு நல்ல தச்சரும் ஒரு பழைய மாணவர் சங்கமும் சேர்ந்தால் பெரும்பாலும் செய்துவிடலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் கோயில் தேருக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கு போதும். கடினமானது ஆசிரியர்தான். கொழும்பில் முறையாகப் பயிற்சி பெற்று, சான்றிதழோடு வந்து, ஐந்து ஆண்டாவது இடமாற்றம் இல்லாமல் இங்கே நிற்கும் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் லிங்கநகருக்கு அருகில், உவர்மலையில் இருக்கிறது. வலயம், மாகாணம், தேசியம் என்று பாடசாலைப் போட்டிகளுக்குப் படிகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன. முதலாவது படியில் கால் வைக்கத்தான் இங்கே ஆளில்லை. ஒரு பாடசாலையின் பெற்றோர் இருபது பேர் சேர்ந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியில் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு வழமைபோல வளையமும் கொடியும் எடுக்கும்போது பத்து நிமிடத்தைத் தரைப்பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஊர் அதைப் பார்க்கட்டும். அம்மம்மாமாரும் வந்து முன்வரிசையில் இருக்கட்டும்.